டைவ் வாட்சுக்கு ரப்பர் வார்: எது வாங்கலாம், எப்படிக் காப்பாற்றலாம்?

கேள்வி (12 மார்ச் 2023, காலை)

அண்ணே, பழைய சீக்கோ எஸ்கேஎக்ஸ் 007 டைவ் வாட்ச் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. செயின் தொளதொளவென்று இருக்கிறது, கை மயிரைப் பிடுங்குகிறது. ரப்பர் வார் போடலாம் என்று பார்த்தால் சிலிக்கான், எஃப்கேஎம் என்ற செயற்கை ரப்பர், பாலியூரித்தேன், இயற்கை ரப்பர் என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். மாதம் ஒரு முறை கடலுக்குள் போவேன், மற்ற நாள் பைக், ஆபீஸ். எது நல்லது?

12 மார்ச் 2023, இரவு

இயற்கை ரப்பர். அவ்வளவுதான். அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம்.

நான் குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார், வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும் என்று. சிரட்டையில் சொட்டிய பாலை வடிகட்டி, பார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகை போடுவார்கள். அந்தப் புகை மணம் எங்கள் வீட்டுப் போர்வையில்கூட இருக்கும். இப்படி வளர்ந்தவனிடம் வந்து ரப்பரா சிலிக்கானா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

ஆனால் மரத்துப் பால் அப்படியே வாராகிவிடாது. பச்சை ஷீட் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். 1839இல் குட்இயர் கண்டுபிடித்த சமாசாரம். டயருக்கும் அதுதான், வாருக்கும் அதுதான்.

இயற்கை ரப்பரின் சிறப்பு அதன் இழுவை. கிழிவது கஷ்டம். கையோடு வளைந்து உட்காரும். அறுபதுகளில் சுவிட்சர்லாந்து டைவ் வாட்சுகளில் 'டிராபிக்' என்று பாய் முடைந்தது போல் கோடு போட்ட, ஓட்டை ஓட்டையான வார் வந்தது. அந்த அச்சை இன்றும் எல்லாரும் காப்பியடிக்கிறார்கள். 1980இல் ஹூப்லோ என்ற கம்பெனி தங்க வாட்சில் ரப்பர் வாரை மாட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஊரே சிரித்ததாம். தாலிக்கொடியை ரப்பர் பேண்டில் கோத்த மாதிரிதானே. அதற்கு வெனிலா மணம் வேறு. இன்று தங்கத்தில் ரப்பர் போடாத பெரிய கம்பெனியைத் தேடத்தான் வேண்டும். ரோலெக்ஸே 2015இல் இறங்கிவிட்டது. உள்ளே டைட்டானியம்-நிக்கல் தகடு, மேலே கறுப்பு ரப்பர் மாதிரி ஒன்று. ஆனால் அதை ரப்பர் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

அளவு: உன் வாட்சில் வார் மாட்டும் இரண்டு காதுக்கும் நடுவில் 22 மி.மீ. தையல்காரர் டேப்பால் அளக்காதே. 20 மி.மீ. வாங்கிப் போட்டால் இரண்டு பக்கமும் சந்து தெரியும், வார் காதுக்குள் ஆடும். வெட்டுக்கூலி கொடுத்து 24ஐ 22 ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிளேடு பட்ட ஓரத்தில்தான் முதல் கிழிசல் வரும்.

13 மார்ச் 2023

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். பின். வாட்ச் கடையில் பின் என்றால் எடுத்துத் தருவார்களே, இரண்டு முனையிலும் ஸ்பிரிங் உள்ள அந்தக் குச்சி.

சீக்கோ டைவ் வாட்சுக்கு மற்ற வாட்சின் பின் சேராது. இதன் தண்டு 2.5 மி.மீ. தடிமன், முனை 1.1 மி.மீ. சாதாரணப் பின்னின் முனை 0.8தான். காதிலுள்ள ஓட்டை 1.1க்குத் துளைத்தது என்பதால் மெல்லிய முனை உள்ளே போகும், நிற்கவும் செய்யும், ஆனால் லொடலொடக்கும். வெளியில் வாங்கும் வார்களில் பின் நுழையும் துளை சிறிதாக இருக்கும், தடிப்பின் போகவில்லை என்று கடைக்காரர் மெல்லிசைப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஒத்துக்கொள்ளாதே. பின்னில் சோப்புத் தண்ணீர் தடவித் திருகித் திருகித் தள்ளினால் போய்விடும்.

19 மார்ச் 2023

தம்பி தனி மடலில் கேட்டது: "சீக்கோ வாரில் காதுக்குப் பக்கத்தில் அலை அலையாக மடிப்பு இருக்கிறதே, அழகுக்கா?"

அழகுக்கு இல்லை. 1968இல் ஹிரோஷிமா பக்கம் கூரே ஊரிலிருந்து ஆழ்கடலில் வேலை பார்க்கும் ஒருவர் சீக்கோவுக்குக் கடிதம் போட்டார், உங்கள் வாட்ச் எங்கள் வேலைக்குத் தாங்கவில்லை என்று. ஏழு வருஷம் உட்கார்ந்து 1975இல் 600 மீட்டர் தாங்கும் டைட்டானியம் வாட்சைக் கொண்டுவந்தார்கள். மடிப்பு வார் அதோடு வந்தது.

காரணம் எளிது. முழுகும்போது போடும் உடுப்பு நியோபிரீன் என்ற நுரை ரப்பர், அதில் காற்றுக் குமிழிகள் உண்டு. 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு, குமிழி பாதியாகும், உடுப்பு மெலியும். மேலே இறுக்கிக் கட்டிய வாட்ச் கீழே போனதும் வளையல் மாதிரிச் சுற்றும். மடிப்பு வாரைக் கரையில் இழுத்துக் கட்டினால், உடுப்பு மெலிய மெலிய அதுவும் சுருங்கிக்கொள்ளும். அக்கார்டியன் பெட்டி மாதிரி.

இதெல்லாம் ஜப்பான் குளிரில் தடித்த உடுப்பு போடுகிறவர்களுக்கு. புதுச்சேரிக் கடலில் தண்ணீர் பெரும்பாலும் 27, 28 டிகிரி, நான் மெல்லிய சட்டை ஒன்றோடு இறங்குகிறேன். நமக்கு அந்த மடிப்பு அழுக்கு சேர நல்ல இடம், வேறொன்றுமில்லை.

2 ஏப்ரல் 2023

வெயில் ஆரம்பித்தாயிற்று, வாருக்கடியில் அரிப்பும் ஆரம்பித்தாயிற்று. மணிக்கட்டைச் சுற்றி வாரின் அதே அகலத்தில் செக்கச்செவேல் என்று ஒரு வளையம். சேற்றுப்புண் கையில் வருமா என்று அம்மா போனில் கேட்கிறார்.

ரப்பர் அலர்ஜி என்று பதற வேண்டாம். அப்படி ஒன்று உண்டு, பாலிலுள்ள புரதம் சிலருக்கு ஆகாது, ரப்பரைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் ரசாயனம் இன்னும் சிலருக்கு ஆகாது. அவர்கள் இயற்கை ரப்பர் பக்கமே போகக்கூடாது. ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு இது அடைபட்ட வியர்வை. கழற்றி வைத்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கினால் வியர்வைதான். அடங்காமல் கொப்புளித்தால் டாக்டர்.

நான் செய்வது: பகலில் ஒரு துளை தளர்த்திக் கட்டுகிறேன், விரல் நுனி ஒன்று உள்ளே போகிற அளவு. வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசல். வாரம் ஒரு நாள் பழைய பல் பிரஷ்ஷும் சாதாரண சோப்பும். கடலுக்குப் போன நாளில் வாளித் தண்ணீரில் அரை மணி ஊற வைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும், இல்லையென்றால் பின் நுழையும் துளைக்குள் உப்பு கட்டிக்கொள்ளும். நிழலில் உலர்த்தல். என் இயற்கை ரப்பர் வார் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது, பூஞ்சை போல. அதையும் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று ஆக்கிவிட்டேன்.

வெயில் அடங்கும் வரை 350 ரூபாய்க்கு வாங்கிய ஆரஞ்சு சிலிக்கான் வாரைக் கட்டுகிறேன். ஓட்டை நிறைய, காற்று போகிறது. ரப்பர்காரன் மகன் சிலிக்கான் கட்டுகிறான், அப்பாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சிலிக்கானைப் பற்றி என் குறை ஒன்று. மெத்தென்று இருக்கும், வெயில் மழை எதுவும் செய்யாது, ஆனால் சட்டைப் பஞ்சு, தூசி, பூனை மயிர் எல்லாம் அதில்தான். நகமோ பின் கழற்றும் ஊசியோ ஒரு இடத்தில் கீறிவிட்டால் அங்கிருந்து காகிதம் மாதிரிக் கிழிந்துகொண்டே போகும்.

28 மே 2023

போன வாரம் மச்சினன் கல்யாணம். நலங்கில் எவனோ கை நிறைய மஞ்சளோடு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான். ஆரஞ்சு வார் இப்போது பாதி ஆரஞ்சு, பாதி பழைய சாம்பார்க் கரண்டி. சோப்பு, எலுமிச்சை, சோடா உப்பு, எதற்கும் அசையவில்லை. சிலிக்கான் மஞ்சளைக் குடித்துவிடுகிறது.

11 ஜூன் 2023

மொட்டை மாடியில் நாலு நாள் வெயில் காட்டினேன். மஞ்சள் போய்விட்டது. வெயில் பட்டால் மஞ்சள் நிறம் நிற்காது என்பது வெள்ளை வேட்டி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் வாட்ச் வாரோடு சேர்த்துத் தோன்றவில்லை.

சிலிக்கானுக்கு மட்டும் இது. இயற்கை ரப்பரை மாடியில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

8 அக்டோபர் 2023

தலைப்பில் முதல் பதில் யார் எழுதியது? நான்தான். வாபஸ்.

ஏப்ரலில் கழற்றி வைத்த இயற்கை ரப்பர் வாரை எடுத்தேன். பக்கிள் போடும் பக்கம் ஒவ்வொரு துளையிலிருந்தும் குறுக்காக மயிரிழை வெடிப்பு. காதுக்குப் பக்கத்தில் வளையும் இடத்தில் வறண்ட ஏரி மாதிரி பாளம் பாளமாக. விரலால் வளைத்தேன், ஒரு துளை அப்படியே இரண்டாயிற்று. 2,400 ரூபாய், ஒன்றரை வருஷம்.

கட்டின கையில் வெடிக்கவில்லை, கட்டாத டிராயரில் வெடித்திருக்கிறது. நாள் முழுக்க இதையே யோசித்தேன். ஊருக்கு வந்து அப்பாவிடம் காட்டியபோது அவர் வாரைப் பார்க்கவில்லை. "எங்கலே வச்சிருந்த?" என்றார்.

கடை டிராயரில். என் பிழைப்பு ஜெராக்ஸ் கடை. வார் இருந்த டிராயருக்கு ஒரு முழம் தள்ளி மெஷின், அதுவும் பழைய காலத்து மெஷின். மெஷின் ஓடும்போது மூக்கில் ஏறும் அந்தக் கார மணம் ஓசோன். உயர் மின்னழுத்தக் கம்பி காற்றிலிருந்து அதை உண்டாக்குகிறது. இயற்கை ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, ஓசோன் சரியாக அங்கேதான் வெட்டும். சாதாரணக் காற்றிலுள்ள துளி ஓசோனே வருஷக்கணக்கில் இதைச் செய்யும். நான் பக்கத்திலேயே வைத்து விருந்து போட்டிருக்கிறேன்.

இன்னொரு தப்பு இதைவிடப் பெரிது. ஓசோன் வெடிப்பு விழுவது ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில். சும்மா கிடக்கிற ரப்பரில் அவ்வளவாக விழாது, இழுத்த திசைக்குக் குறுக்கேதான் விழும். நானோ அந்த வார் போட்ட வாட்சைக் குட்டித் தலையணையில் சுற்றி, பக்கிள் போட்டு, ஆறு மாதம் இறுக்கி வைத்திருந்தேன். வெடிப்பு விழுந்திருப்பதும் சரியாகப் பக்கிள் இழுத்த இடத்தில்.

அத்தோடு ஏப்ரலில் நான் பெருமையாகத் தேய்த்துக் கழுவிய வெள்ளைப் பூப்பு. அது பூஞ்சையில்லை. ரப்பரில் வேண்டுமென்றே கலக்கும் மெழுகு மெல்ல மேலே வந்து படலமாகப் படர்ந்து ஓசோனைத் தடுக்கும். அதைத்தான் பல் பிரஷ்ஷால் சுரண்டியிருக்கிறேன். பாத்திரம் விளக்குகிற மாதிரி.

ஆக, இயற்கை ரப்பர் வைத்திருக்கிறவர்கள்: பக்கிளைக் கழற்றி, நேராக நீட்டி, இருட்டில், மோட்டார், ஜெராக்ஸ் மெஷின் எதுவும் இல்லாத அலமாரியில் வையுங்கள். வெள்ளை பூத்தால் ஈரத்துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுங்கள். இதையெல்லாம் செய்ய முடியாதென்றால் வாங்காதீர்கள். ஏப்ரல் குறிப்பைப் படித்துத் தேய்த்தவர்கள் மன்னிக்க.

9 அக்டோபர் 2023

நேற்றைய பதிவுக்கு ஒருவர்: "தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தால் வெடித்திருக்காதே, பெல்ட்டுக்குத் தடவுவோமே."

பெல்ட் தோல். ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பும், இளகும், பலம் போகும். முதல் இரண்டு நாள் புதுசு மாதிரி மின்னும், அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். பெட்ரோல், தின்னர், துரு எடுக்கிற ஸ்பிரே, எதுவும் கூடாது. கொசு கடிக்காமலிருக்கப் பூசும் களிம்பும் அப்படித்தான். டீட் என்ற மருந்து அதில் இருந்தால் பிளாஸ்டிக்கையே இளக்கும், பாலியூரித்தேன் வாரைச் சும்மா விடுமா. பூசினால் கையைக் கழுவிவிட்டு வாட்சைக் கட்டு.

என் அம்மாவிடம் இந்த எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். "உன் தலைக்கும் எண்ணெய் வேண்டாம்னுதான் சொல்லுவ" என்றார். தலையில் இப்போது இருப்பதைப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

21 ஜனவரி 2024

எஃப்கேஎம் வாங்கினேன். ஃப்ளூரின் சேர்ந்த செயற்கை ரப்பர். 1957இல் டூபாண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 'வைட்டான்' என்ற பெயரில் இறக்கியது, விமானத்துக்கும் என்ஜினுக்கும் சீல் செய்ய. எண்ணெய், சூடு, ஓசோன், வியர்வை எதற்கும் மசியாது. கையில் பட்டு மாதிரி வழுக்கும், பஞ்சு ஒட்டாது.

வாங்கினேன் என்று சொன்னேன், வந்தது என்று சொல்லவில்லை. ஆன்லைனில் ஒரு கடை, 900 ரூபாய், பெட்டியில் கொட்டை எழுத்தில் எஃப்கேஎம். கையில் எடுத்ததுமே சந்தேகம். மேசையில் ஐந்து நிமிடம் கிடந்ததற்குள் பஞ்சு ஒட்டிக்கொண்டது.

சோதனை சமையலறையில். எஃப்கேஎம் கனமான பொருள், அடர்த்தி 1.8 பக்கம் வரும். சிலிக்கான் 1.1லிருந்து 1.2க்குள். சாதாரணத் தண்ணீரில் இரண்டும் முழுகும், வித்தியாசம் தெரியாது. அதனால் பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து, இனிமேல் கரையாது என்கிற வரை கல்லுப்பைப் போட்டுக் கலக்கி, ஆறவிட்டேன். அந்த உப்பு நீரின் அடர்த்தி 1.2 கிட்டே. பக்கிளையும் பின்னையும் கழற்றிவிட்டு வாரைப் போட்டேன். மிதந்தது. தெப்பம் மாதிரி மிதந்தது. பழைய ஆரஞ்சு சிலிக்கானையும் போட்டேன், அண்ணனும் தம்பியும் ஜோடியாக மிதந்தார்கள். டைவ் கடை நடத்தும் நண்பரிடம் நல்ல எஃப்கேஎம் ஒன்று வாங்கிப் போட்டேன், கல் மாதிரி அடிக்குப் போயிற்று.

மனைவி கேட்டது: "அரைக் கிலோ உப்பு ஆச்சே, இந்தத் தண்ணியில என்ன பண்றது?" மாங்காய் ஊற வைக்கலாம் என்றேன். அன்றைக்கு அத்தோடு பேச்சு நின்றது.

எச்சரிக்கை: எரித்துப் பார்க்கிறேன் என்று சிலர் நெருப்புக்குச்சி கொளுத்துகிறார்கள். எஃப்கேஎம் எரிந்தால் வருவது ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, விஷம். இயற்கை ரப்பர் எரிகிற மணம் எனக்குத் தெரியும் என்பவர்கள்கூட இதைச் செய்ய வேண்டாம். உப்பு போதும்.

பணம் திரும்ப வந்தது. அந்த நண்பரிடமே 2,100க்கு நல்லதை எடுத்துக்கொண்டேன்.

18 பிப்ரவரி 2024

13 மார்ச் 2023 குறிப்பை எழுதியவன் என் கையில் கிடைத்தால் கேட்பேன், எழுதினதை நீயே படிக்கமாட்டாயா என்று.

புது எஃப்கேஎம் வாரோடு கருவி இல்லாமல் விரலாலேயே கழற்றும் பின் வந்தது. சின்னக் குமிழைத் தள்ளினால் போதும், சௌகரியம். மெல்லிசு, முனை 0.8. ஒரு வாரம்தானே, பிறகு தடிப்பின் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இன்று இரண்டாவது முழுகல் முடிந்து படகு ஏணியில் ஏறும்போது கை காற்றுக்குழாயில் மாட்டியது. லேசான இழுப்புதான். வாட்ச் போய்விட்டது.

இரண்டு துண்டு வாரில் ஒரு பின் போனால் எல்லாம் போயிற்று. அடியில் சுற்றி ஒரே துண்டாக ஓடும் வாராக இருந்தால் மற்றப் பின்னில் தொங்கியிருக்கும். இந்த ஞானமெல்லாம் அந்த ஏணியில் நின்றபடி வந்தது.

கால்மணி கழித்துப் படகுக்காரர் கயிற்றுச் சுருளுக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உள்பக்கம் விழுந்திருக்கிறது. "கடல் வேண்டாம்னு சொல்லிருச்சு சார், பழைய வாட்ச்சு" என்றார்.

டைவ் வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தரம் உண்டு. அதில் பின்னையும் வாரையும் எதிரெதிர்த் திசையில் 200 நியூட்டன் விசையால் இழுத்துப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட 20 கிலோ தொங்குகிற மாதிரி. அது வாட்சோடு வந்த பின்னுக்கான சோதனை, நான் போட்ட ஓசிப் பின்னுக்கு இல்லை. சாயங்காலமே தடிப்பின் மாற்றினேன். கழற்றிய பழைய தடிப்பின்னின் குழலுக்குள் பார்த்தால் உப்பும் பழுப்புத் துருவும், ஸ்பிரிங் பாதி செத்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகும் உப்பு அடைபட்ட சந்தில் துருப்பிடிக்கும். வருஷம் ஒரு முறை மாற்றணும். வாருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து, பின்னுக்கு நூறு ரூபாய்க்கு யோசிக்கிறோம்.

25 பிப்ரவரி 2024

"நீங்கள்தான் டைவ் கம்ப்யூட்டர் கட்டுகிறீர்களே, வாட்ச் எதற்கு?" என்று ஒருவர். ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டுக் கையிலேயே காட்டும் கருவி அது.

கம்ப்யூட்டர் பேட்டரி தீர்ந்தால் மணி பார்க்க. இது அடுத்தவர்களுக்குச் சொல்கிற பதில். கம்ப்யூட்டரின் பேட்டரி ஒரு நாளும் தீர்ந்ததில்லை.

5 ஜனவரி 2025

எஃப்கேஎம் போட்டதிலிருந்து நிம்மதியாக இருந்தேன், அதிலும் மண். போன மாதம் அமெரிக்காவில் நோட்ரடாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 22 வாட்ச் வார்களைச் சோதித்ததில் 15இல் ஃப்ளூரின். ஃப்ளூரோ ரப்பர் என்று சொல்லி விற்றவை 13, எல்லாவற்றிலும் இருந்தது. அதில் ஆச்சரியமில்லை, சொல்லாத இரண்டிலும் இருந்தது. விலை கூடக் கூட ஃப்ளூரினும் கூட. பிறகு தோலில் படக்கூடிய ஒரு ரசாயனத்தைத் தேடினார்கள், எளிதில் சிதையாத 'என்றைக்கும் ரசாயனங்கள்' குடும்பத்தைச் சேர்ந்த பெர்ஃப்ளூரோஹெக்ஸனாயிக் அமிலம். நடுமட்டம் நூறு கோடியில் 800 பங்கு போல, ஒரு வாரில் 16,000க்கும் மேல்.

வாரிலிருந்து உடம்புக்குள் எவ்வளவு போகும் என்பது வேறு கேள்வி, இதை வைத்துக்கொண்டு நாளைக்கே வியாதி என்று யாரும் ஓட வேண்டாம். ஆனால் வியர்த்த தோலோடு நாள் முழுக்க, தூக்கத்திலும் ஒட்டிக்கிடக்கிற பொருள் இது. என் முடிவு: கடலுக்குப் போகும் நாளில் எஃப்கேஎம், மற்ற நாளில் அந்த மஞ்சள் குடித்த ஆரஞ்சு சிலிக்கான். படுக்கும்போது எதுவும் இல்லை. உப்புத் தண்ணீர்ச் சோதனைக்குப் புதுப் பயனும் கிடைத்துவிட்டது: முன்பு மிதந்தால் ஏமாந்தோம் என்று அர்த்தம், இப்போது மிதந்தால் சந்தோஷப்படலாம் போலிருக்கிறது.

20 ஏப்ரல் 2025

டிராயரை ஒழித்ததில் பழைய சிட்டிசன் ஒன்று. அதன் வாரில் அட்டவணை அச்சிட்டிருப்பார்கள், எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தால் நேராக மேலே வரலாம் என்று. கம்ப்யூட்டர் வருமுன் இதுதான் சிலேட்டு. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையில் 60 அடிக்கு 60 நிமிடம், 100 அடிக்கு 25. கையிலேயே பாடம். ஆனால் வாரைப் பார்த்து யாரும் இன்று முழுகக் கூடாது, படுக்கையில் விழுகிறபடி ஆகிவிடும்.

அந்த வார் பாலியூரித்தேன். தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. வளைத்தேன், புட்டு மாதிரி உதிர்ந்தது. பீரோவில் ஐந்து வருஷம் வைத்த ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் பாதி வழியில் அடிப்பாகம் பொடிப்பொடியாகக் கழன்றுவிடுமே, அதே வியாதி. காற்றின் ஈரமே அதன் சங்கிலியை அறுக்கும். உபயோகித்தாலும் வரும், பத்திரப்படுத்தினாலும் வரும். காசியோவின் ஜி-ஷாக் வாட்ச் வார் திடீரென்று ஒரு நாள் துண்டாவதும் இதனால்தான், ரெசின் என்று சொல்கிறார்களே தவிர அதுவும் பாலியூரித்தேன். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடப் போட்டு வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

முன்பு எங்கோ "விறைப்பான வாரைக் கொதிநீரில் போட்டு, டம்ளரைச் சுற்றிக் கட்டி, பச்சைத் தண்ணீரில் முக்கினால் கைக்கு வளையும்" என்று சொன்னேன். பாலியூரித்தேனுக்குச் சரி, புதிதாக வாங்கும்போது ஒரு முறை. இயற்கை ரப்பருக்கும் எஃப்கேஎம்முக்கும் வேலைக்காகாது, ஒருமுறை சூட்டில் பின்னிக்கொண்டது திரும்ப இளகி வேறு உருவம் எடுக்காது. நான் டம்ளரோடு அரைமணி காத்திருந்ததுதான் மிச்சம்.

17 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்ட தம்பி இரண்டரை வருஷம் கழித்து வந்திருக்கிறார்: "அண்ணே, கடைசியில் எதைத்தான் வாங்க?"

இன்னும் வாங்கவில்லையா? அந்தச் செயின் இன்னும் எத்தனை மயிரை விட்டுவைத்திருக்கிறது?

நீ சொன்ன உபயோகத்துக்கு, பைக், ஆபீஸ், மாதம் ஒரு முழுகல்: 22 மி.மீ. சிலிக்கான், ஓட்டை உள்ளது, ஓரம் மழமழவென்று வார்த்தது, நானூறு ரூபாய்க்குள். கிழிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று. கூடவே 2.5 மி.மீ. தடிப்பின் இரண்டு ஜோடி. மாதம் பத்து முழுகல் போகிறவனாக இருந்தால் எஃப்கேஎம் என்று சொல்வேன். இயற்கை ரப்பர் உனக்கு வேண்டாம், அதற்கு மாடு வளர்க்கிற பொறுமை வேண்டும்.

அப்பா போன வாரம் இங்கே வந்திருந்தார். எஃப்கேஎம் வாரை இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். "இத எவன்லே ரப்பர்னு வித்தான்?" என்று மேசையில் போட்டுவிட்டார். வெடித்துப்போன பழைய வாரை மட்டும் குப்பையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தோட்டத்துக் கேட்டில் தாழ்ப்பாள் ஆடுகிறதாம், அடியில் வைக்க ஒரு துண்டு வேண்டுமாம்.

என் வாட்சுக்கு அடுத்த பின் மாற்றம் பிப்ரவரியில். தினக் காலண்டரில் குறித்தாயிற்று, ராகு காலத்துக்குக் கீழே.